கடிகாரம் இல்லாத போர்டுகள்

மார்ச் 2
அக்காவின் வகுப்பை இன்று திரும்பத் திறந்தேன். அச்சகத்துக்கு மேலே அதே மாடி அறை, அதே எட்டு போர்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். பழைய டி.வி.க்களைத் திரையாக மாட்டி, கம்ப்யூட்டரையே தொடாதவர்களுக்கு இதில்தான் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். மெமரி கார்டுகள் எட்டும் பழுது. ஒன்றொன்றாகப் புதிதாக அமைக்கச் சோம்பல்பட்டு, என்னிடமிருந்த அவள் சொந்தக் கார்டையே அப்படியே எட்டுப் பிரதி எடுத்தேன்.

ஸ்விட்சைப் போட்டதும் எட்டுத் திரையிலும் ஒரே வரி:

"அவ பேசி 41 நாள்."

"யாரு டீச்சர் பேசி?" என்றார் தையல்காரம்மா.

"சும்மா டெஸ்ட்டிங்" என்றேன். அந்த "அவ" நான்.

மார்ச் 4
இங்காவது எழுதிவிடுகிறேன். போன ஏப்ரல் 3, அவள் மாணவர்கள் முன்னால், "இந்தப் பொம்மைய வெச்சுக்கிட்டு யாருக்கு என்னத்தக் கத்துக்குடுக்கப் போற?" என்று கேட்டேன். பெரிய கம்பெனியில் வேலை என்ற திமிர், வேறென்ன? அதோடு பேச்சு நின்றது. அவள் கூப்பிடட்டும் என்று நான். நான் கூப்பிடட்டும் என்று அவள். மே 14 சாயங்காலம் போர்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள், மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் அவள் கணவரிடம், "நேத்துகூடப் போன்ல பேசினா அத்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்டயாவது கடைசியா பேசினாளே" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மார்ச் 6
இன்னும் 41தான். இந்தப் போர்டுகளுக்குள் கடிகாரம் கிடையாது. நெட் இல்லாவிட்டால், கடைசியாக அணைத்தபோது கார்டில் பதிந்த நேரத்திலிருந்தே மறுபடி எண்ணும். அவற்றுக்கு இன்னும் மே 14. அக்கா உயிரோடு இருக்கும் நாள். வேண்டுமென்றேதான் மாடிக்கு நெட் போடவில்லை. அந்த வரியை அழிக்க ஒரு நிமிடம் போதும். அழிக்கவும் மனம் வரவில்லை, புரோகிராமைத் திறந்து படிக்கவும் தைரியமில்லை. வகுப்பில் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கிறது.

மார்ச் 11
அத்தான் போன் செய்தார். "அவ கார்டு உன்கிட்ட இருக்காமே. அவ எழுதினது எதாவது இருந்தாப் பார்க்கணும்மா." அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். அவர் வீட்டிலும் ஒரு போர்டு இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டால் முதல் வரியே என் பொய்யைச் சொல்லிவிடும்.

மார்ச் 13
42. வகுப்பு நேரங்கள் சேர்ந்து சேர்ந்து நள்ளிரவைத் தாண்டிவிட்டன. போர்டுகளுக்கு இன்று அக்கா செத்த நாள்.

மார்ச் 20
பாடம்: பிறந்த தேதியைக் கொடுத்தால் எத்தனை நாள் வாழ்ந்தோம் என்று கணக்கிடுவது. எல்லாருக்கும் விடை குறைந்தது. ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் விடவில்லை. "வண்டி போன வருஷத்துலயே நிக்குது டீச்சர். ஸ்டாண்டுலயே நின்னா ஊர் எப்படி வரும்?" நான் கீழே போய் வருவதற்குள் அச்சகத்து வைஃபை பாஸ்வேர்டை வாங்கி, எட்டிலும் போட்டு, அணைத்துத் திறந்தும்விட்டார்.

"அவ பேசி 351 நாள்."

எட்டுத் தடவை. படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 23
தையல்காரம்மா என்னைக் கேட்காமலே அந்தப் புரோகிராமைத் திறந்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு டீச்சர். நாள் ஐம்பதுக்குச் சமமா இருந்தா இன்னொரு வரி வரணும்னு எழுதியிருக்காங்க. சமம்னா அந்த ஒரு நாள்தானே வரும்? நம்மளது தாவிப் போயிடுச்சு, இனிமே வரவே வராது. ஐம்பதும் அதுக்கு மேலயும்னு போட்டிருக்கணும்."

"என்ன வரி?"

படித்துக் காட்டினார். "போதும்டி உன் வீம்பு. அவ சின்னவ. நீயே போன் பண்ணு."

அவள் தனக்குத்தானே எழுதிவைத்துக்கொண்டது. இன்னும் எட்டு நாள் — எட்டே எட்டு நாள் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாளா? கூப்பிட்டிருப்பாள். எனக்குத் தெரியும். ஐயோ, நான் எத்தனை நாளில் கூப்பிடலாம் என்றுகூட நினைக்கவில்லையே.

எல்லார் முன்னாலும் அழுதேன். எழுதியது யார், "அவ" யார் என்று சொல்லியும்விட்டேன். தையல்காரம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

மார்ச் 24
அத்தானுக்கு நானே போன் செய்தேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய் அத்தான். அக்கா என்கிட்டப் பேசல. நானும் பேசல."

"தெரியும்" என்றார். "அவ போன் லிஸ்ட்ட அன்னிக்கே பார்த்துட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு பத்து மாசமா இருக்கேன்."

அவரே தொடர்ந்தார்:

"கோவம் இருக்கு. இல்லேங்கல. இருந்தாலும் வா."

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கார்டில் அந்தத் தப்பைத் திருத்தவில்லை. அவள் எழுதியபடியே அவரிடம் போகட்டும்.