கூடையைப் பிடித்த கை

தம்பி வஹீதுக்கு,

அலெக்சாந்திரியாவிலிருந்து உன் அக்கா சுஹைர். சலாம். சலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். நலமா என்று கேட்கமாட்டேன். நீ நலமாக இருப்பதைப் போன செவ்வாய்க்கிழமை ஊரே பார்த்துவிட்டது. போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால், கிழித்தாலும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் நம் அன்ஃபூஷிப் பேட்டையில் உன்னை யாருக்கும் தெரியாமல் போய்விடுமா? உல்லாசக் கப்பலில் மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கினாயாம். குதிரை வண்டிக்கார ஷஹாத்தா உங்களைக் கோட்டை வரை ஓட்டிப் போனானாம். வழியெல்லாம் மனைவிக்கு ஊர்க்கதை சொன்னாயாம், அதிலும் பாதி தப்பாம். "என்ன சுஹைர், உன் தம்பி சொந்த ஊர்லயே டூரிஸ்ட் ஆயிட்டான். நான் சொன்ன கூலிக்கு ஒரு வார்த்தை பேரம் பேசலியே, எனக்கே வெக்கமாப் போச்சு" என்று நடுத்தெருவில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போகிறான்.

பிறகு கோட்டை மதிலில் உட்கார்ந்து காற்று வாங்கியிருக்கிறாய். கரையோரம் உம்மு ரிதாவின் கடையில் மீன் தின்றிருக்கிறாய். அவள் என்னிடம், "வாலைக்கூட விடாம சப்பிட்டுப் போனான்டி. ஏன், உங்க வீட்டுல அவனுக்குச் சோறு கிடையாதா?" என்று கேட்டாள். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? அன்றைக்கு நம் வீட்டிலும் மீன்தான். எனக்கும் அம்மாவுக்கும் போக மீந்ததைப் பூனைக்கு வைத்தேன்.

அத்தோடு கப்பலுக்குத் திரும்பியிருந்தால், தொலைகிறான் என்று விட்டிருப்பேன். நம் தெருவுக்கு ஏனடா வந்தாய்?

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் கீழே நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. ஆனாலும் ரொட்டி வாங்கப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை அவள்தான் இறக்குவாள், என்னைத் தொடவிடமாட்டாள். அன்றைக்கும் இறக்கினாள். கீழே ரொட்டி விற்கிற இத்ரீஸ் மாமா ரொட்டியைப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டார். அம்மா மேலே இழுத்தால் கூடை வரவில்லை. கீழே யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுப்படியிலிருந்த எனக்கு அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "விடுடா கழுதை! விட்டுட்டு மேல வா!"

தெருப் பையன்களின் சேட்டை என்று நினைத்தேன். சின்ன வயதில் ஒவ்வொரு நாளும் கூடையைப் பிடித்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கிய கழுதை யார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மாவுக்கு உறைத்திருக்கிறது. கூடை மேலே வந்ததும் ரொட்டிகளுக்கு நடுவே பாதி கடித்த ஒரு ஃப்ரெஸ்கா இருந்தது. கடற்கரையில் விற்கிற அதே தேன் அப்பளம். அதில் குட்டிக் குட்டிப் பல் தடம். உன் மகள், என் மருமகள், கடித்துப் போட்டது. எறும்பு மொய்த்த பிறகும் அம்மா அதைத் தூக்கிப் போட விடவில்லை.

நீ அழுதாய் என்று இத்ரீஸ் மாமா சொன்னார். "கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டான்மா. நானே கையப் புடிச்சு, ஏறுடா மேலன்னு தள்ளினேன். அம்மா சத்தியம் பண்ணியிருக்காங்க மாமான்னுட்டு ஒரே நடையா போயிட்டான்" என்றார். அழுதாயாக்கும்! அந்தக் கண்ணீரைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டு.

சத்தியமாம், சத்தியம். நீ வீட்டில் சொல்லாமல் வெளிநாட்டில் கல்யாணத்தை முடித்துவிட்டு உன் சிநேகிதர்களுக்குப் போட்டோ அனுப்பினாய். ஊரார் சொல்லித்தான் பெற்றவளுக்கே தெரிந்தது. அந்த எரிச்சலில், "அல்லா மேல ஆணை, நான் கூப்பிடாம அவன் இந்தப் படிய மிதிக்கக்கூடாது" என்றாள். இந்த ஊரில் எந்த அம்மா ஆணையிடவில்லை? விடிந்ததிலிருந்து மத்தியானத்துக்குள் பத்து ஆணை இட்டு, பத்தையும் மறந்துவிட்டுச் சாப்பாடு போடுகிறவர்கள் நம் அம்மாக்கள். அதைப் போய் நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி ஒன்பது வருடமாகத் தூக்கிச் சுமக்கிறாய். பக்தியா உனக்கு? திமிர்! அவளுக்கும் அதே திமிர்தான், இல்லையென்று சொல்லவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் நீ போன் செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், வாங்கிப் பேசமாட்டாள்.

அன்று சாயங்காலம் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. பால்கனியில் உட்கார்ந்திருந்த அம்மா, "போயிட்டான்" என்றாள். யார் என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இரவு சாப்பிடவில்லை. சர்க்கரை மாத்திரையைப் போடவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் விடிந்ததும், "பத்துப் பேருக்கு மீன் சோறு ஆக்கு" என்றாள். எதற்கு என்றால், "வாய மூடிட்டு ஆக்கு." செதில் சுரண்டிச் சுரண்டி என் விரலெல்லாம் கிழிந்தது. மசூதி வாசலில் வலை பின்னுகிறவர்கள், பிச்சைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று பத்து ஏழைகளை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, சுவரைத் தடவித் தடவித் தன் கையாலேயே பரிமாறினாள். பத்தாவது ஆள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆணையை முறிப்பவர்கள் செய்யும் பரிகாரத்தைச் செய்து முடித்துவிட்டாள். வாயைத் திறந்து உன் பெயரை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

இனி நீ எந்தச் சாக்கைச் சொல்வாய்? அவள் கூப்பிடாமல் ஏறக்கூடாது என்றுதானே ஆணை? "மேல வா" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாளே, அதற்கு மேல் எப்படியடா கூப்பிடுவது? மேளம் கொட்டியா?

இப்போது ஒரு புதுக் கூத்து. காலையில் கூடையை இறக்கினால் சாயங்காலம் வரை மேலே இழுப்பதில்லை. ரொட்டி வாங்க நான்தான் மூன்று மாடி இறங்கி ஏறுகிறேன். கூடைக்குள் பூனை படுத்துத் தூங்குகிறது. இத்ரீஸ் மாமா ஒருநாள், "வெறுங்கூடைய எடுங்கம்மா, போற வர்றவங்க கால்ல இடிக்குது" என்று கத்தினார். அம்மா மேலிருந்து, "இடிக்கட்டும். யாராவது வந்து புடிச்சா, இந்தத் தடவ விடுன்னு சொல்லமாட்டேன்" என்றாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உன் மனைவிக்கு என் சலாம், குழந்தைக்கு முத்தம். அல்லாஹ் உனக்குப் புத்தியைக் கொடுக்கட்டும், காலுக்குப் பலத்தைக் கொடுக்கட்டும். மூன்று மாடிதானடா.

உன்மேல் கோபம் தீராத
அக்கா சுஹைர்