வெறும் காகிதத்தில் மல்லிகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் என்னைத் திட்டுகிறாள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெளிநாட்டு சென்ட் கண்காட்சி எப்படி இருந்தது என்று நீ மூன்று தடவை கேட்டும் நான் பேச்சை மாற்றினேன் இல்லையா, அதற்குக் காரணம் இருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பதறாமல் படி. நாலு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அது போகும்போது என் மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. நம் பல் டாக்டர் இருக்கிறாரே, இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புதுப் புது சென்ட் பாட்டிலோடு வந்து, நானும் அவரும் முன்னறையில் உட்கார்ந்து மோந்து மோந்து சண்டை போடுவோமே, அம்மாகூட எங்களுக்கு மோப்பக் கம்பெனி என்று பேர் வைத்தாளே, அவரிடம்கூடச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொன்னதற்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசியே ஒப்பேற்றிவிட்டேன். அவர் கிளினிக்கை ஒரு வாரம் பூட்டிவிட்டு, உங்க மூக்கை நம்பித்தான் சார் நான் வரேன் என்று விமான டிக்கெட்டைக் கையில் திணிக்கிறார், நான் என்ன செய்ய? மூக்கு போச்சு என்று தெரிந்தால் அப்புறம் எதற்கு மனுஷர் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் படி ஏறப்போகிறார் என்று உள்ளுக்குள் ஒரே நடுக்கம். அவரை விட்டால் எனக்கு வேறு யாரம்மா சிநேகிதம்?

கண்காட்சியைச் சொல்ல வேண்டுமே, நாலு பெரிய ஹால், தேர்வு மண்டபம் மாதிரி வரிசை வரிசையாகக் கடைகள், எங்கே போனாலும் ஒல்லியான காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு நீட்டுகிறார்கள். நான் ஒரு தந்திரம் செய்தேன். முதலில் டாக்டரை மோந்து பார்க்கவிடுவேன், அவர் புருவம் ஏறினால் பிரமாதம் என்பேன், சுளித்தால் இனிப்பு ஜாஸ்தி என்பேன். இரண்டு நாள் வண்டி ஓடியது. மூன்றாம் நாள் ஒரு கடையில் சிரித்த முகமாக ஒரு பெண் பட்டையை எனக்கே முதலில் நீட்டிவிட்டாள். நானும் விடுவேனா, கண்ணை மூடி நன்றாக இழுத்து, மேலே மல்லிகை, அடியில் சந்தனம், உயர்ந்த சரக்கு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். அவள் திருதிருவென்று முழித்தாள். அது சென்ட் கடையே இல்லையம்மா, அந்தக் காகிதப் பட்டைகளைச் செய்து விற்கிறவர்களின் கடை. தாளின் கனத்தைத் தொட்டுப் பார்ப்பதற்காக வெறும் பட்டையைக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. டாக்டர் அதை என் கையிலிருந்து வாங்கி, தானும் மோந்து, கரெக்ட், கொஞ்சம் ஏலக்காயும் இருக்கு என்று அவளிடம் சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். காபி விற்கிற இடத்தில் உட்காரவைத்து, எப்பலேர்ந்து சார் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பயம் உள்பட எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு வந்ததே ஒரு கோபம்! நான் என்ன உங்க மூக்கைப் பார்க்கவா வரேன், என் வீட்ல ஒருத்தரும் என்னோட சண்டை போடமாட்டாங்க, அதுக்குத்தான் சார் வரேன் என்றார். அங்கேயிருந்தே காது மூக்கு பார்க்கிற டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டு, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு சின்ன பாட்டில் வாங்கினார். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துப் பழக வேண்டுமாம், மாதக்கணக்கில் ஆகுமாம், வந்தாலும் வருமாம், வராமலும் போகுமாம். மீதி நாள் பூராவும் அவர் மோந்து சொல்லச் சொல்ல நான் குறுக்குக் கேள்வி கேட்டேன், அதிலேயே எங்களுக்கு நல்ல சண்டை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் முகம் தொங்கிப்போய்விட்டது. அதான் மூணு மாசமா என் சமையல்ல ஒரு குத்தமும் சொல்லலையா, நான் தேறிட்டேன்னுல்ல நினைச்சேன் என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து அவள்தான் பாட்டில்களை வரிசையாக வைத்து என்னை உட்காரவைக்கிறாள். ஒரு மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லை. நேற்று இதுவரை எழுதி வைத்தேன். இன்று காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மூக்கில் ஏதோ சுருக்கென்றது. நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தேன். அடியே, பால் அடிப்பிடிக்குது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். உண்மையிலேயே அடிப்பிடித்திருந்தது. அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்து, கண்ணெல்லாம் தண்ணீராக, இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். சொன்னேன், கூடவே நாலு மாதத்துக் குறையையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டாளம்மா.

உடம்புக்கு ஏதாவது வந்தால் என்னைப் போல மூடி வைக்காமல் அன்றைக்கே சொல்லிவிடு. வெளியே கிளம்பும்போது கேஸை மூடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், தினம் ஒரு சண்டையாவது போட்டுக்கொண்டு நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

பாலைத் தீயவிட்டவளோடு சேர்ந்து,
உன் அப்பா