கோட்டின் வலது தோள்

ஹாமர்ஃபெஸ்ட்,
ஆகஸ்ட் 20

அப்பாவுக்கு அஸ்லௌக்கின் வணக்கம். அறுவை செய்த கண்ணில் நீர் வடிவது நின்றதா? சொட்டு மருந்தைத் தவறாமல் விடுகிறீர்களா? மீன் ஆலையில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

இந்த ஆண்டு எல்க் மான் வேட்டையில் உங்கள் இடத்தில் நான் நிற்பதென்றால், மாதக் கடைசியில் சுடும் தேர்வில் தேற வேண்டுமே. கோடை முழுக்கச் சின்னத் துப்பாக்கியில்தான் பழகினேன். பெரிய தோட்டா ஒன்றின் விலைக்கு அதில் இருபது சுடலாம். குறி தப்பவே இல்லை. கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

போன வாரம் உங்கள் பெரிய துப்பாக்கியை எடுத்தேன். ஐந்து குண்டும் இலக்குக்குக் கீழே மண்ணில் போய் விழுந்தன. சுடப் பழக்கும் குன்வோர் அக்கா, ஆறாவதாக மருந்தில்லாத தோட்டாவை எனக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் குழல் தானாகக் குனிந்தது.

"வெடிக்காத துப்பாக்கிக்கு எதுக்கும்மா கும்பிடு போடுற?" என்றார். "சின்னது தோள்ல உதைக்காது. அதான் உன் பயம் உனக்கே தெரியல."

தோள் லேசாகக் கன்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பேச்சுத் துணைக்கு ஆளில்லாததால் சுடுதளத்துக்கே போய்விடுகிறேன்.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் பழுப்புப் பாலாடைக்கட்டி அனுப்புங்கள். உங்கள் பச்சை வேட்டைக் கோட்டும் வேண்டும். அதன் வலது தோளில் உள்பக்கமாகக் கம்பளித் துண்டு ஒன்று தடிமனாகத் தைத்திருக்கிறதே, அதை இத்தனை நாள் கிழிசலுக்குப் போட்ட ஒட்டு என்று நினைத்திருந்தேன்.

ஆலை மணி அடித்துவிட்டது. அனுப்பும் முன் அந்தத் துண்டைப் பிரித்துவிடாதீர்கள், அப்பா.

அஸ்லௌக்