ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்பதற்காக எழுதிவிட்டேன், எவ்வளவு நலம் என்பதைக் கடைசிவரை படித்துத் தெரிந்துகொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ முகத்தைச் சுளிப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி, அதனால்தான் நானே எழுதி நானே நடந்து போய்த் தபாலில் போடப்போகிறேன்.

என் ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற அந்த எண் ஏறிவிட்டது. மூன்று வருஷமாகக் கோட்டுக்குக் கீழே பதுங்கிக் கிடந்தது, கடைசி இரண்டு பரிசோதனையிலும் மேலே வந்து நிற்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதால் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் நம்பமாட்டார்கள். நாலு வருஷமாக ரத்தப் புற்றுநோய்க்காரியாக இருக்கிறேன், ஆனால் இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் என் மேல் திருப்தி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் தலையைத்தான் பார்க்கிறார்கள். முடி கொட்டவில்லையா, ஊசி இல்லையா, ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையா, வெறும் மாத்திரைதானா என்று கேட்டுவிட்டு, காசு கொடுத்துக் கூத்துப் பார்க்க வந்து ஏமாந்தவர்கள் மாதிரி எழுந்து போகிறார்கள். கண் இமை வீங்குவதும், நின்ற இடத்தில் கெண்டைக்கால் சதை சுண்டி இழுப்பதும், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவதும் இவர்களுக்கு ஒரு வியாதியாகவே தெரியவில்லை.

அதிலும் உன் அத்தை இருக்கிறாளே, அவள் தனி ரகம். போன வாரம் வந்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டைத் தானே அரிக்கிற வியாதியாம். அதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது என் மாத்திரைக்குச் சொந்தக்கார மாத்திரை, இரண்டுக்கும் கைனேஸ் தடுப்பு மருந்து என்று பொதுப்பெயர். அவ்வளவுதான், அது கேன்சர்காரங்க சாப்பிடறதாமே, நான் எதுக்கு அதைத் தொடணும் அண்ணி என்று என் முகத்துக்கு நேராகக் கேட்கிறாள், மாத்திரை அட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. பயமாக இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்க் கேட்க வேண்டும், இவள் தெருமுனைத் தையல்காரியிடம் கேட்டிருக்கிறாள். ஒரே குடும்பம் என்றால் ஒரே வேலையா செய்யும், நீயும் உன் அண்ணனும்கூடத்தான் ஒரே குடும்பம், அவர் பாத்திரமாவது கழுவுவார் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மறுபடி வருவாள், அவளுக்கு ரோஷம் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எண் ஏறியதும் டாக்டரம்மா, நோய் தன் உருவத்தை மாற்றிக்கொண்டு இந்த மாத்திரைக்கு டிமிக்கி கொடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டாள். அப்படியானால் இதைவிட வீரியமான மாத்திரைக்கு மாற்ற வேண்டும், அதில் நுரையீரலைச் சுற்றி நீர் சேரலாம், இருதயத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி, ஒரு நாளாவது மாத்திரையை விட்டீங்களாம்மா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. முப்பது வருஷம் சட்டைக் கம்பெனியில் செக்கராக இருந்தவ நான், ஒரு பொத்தான் தையல் தளர்ந்திருந்தாலும் என் மேஜையத் தாண்டிப் போகாது, என்கிட்டயா இதைக் கேக்கறீங்க என்றேன். அந்தப் பெண் மருந்து கொடுக்கிற ஜன்னலிலிருந்து ஏட்டை வரவழைத்தாள். எட்டு மாதமாக முப்பது மாத்திரையை முப்பத்தைந்து நாள் கழித்துத்தான் உன் அப்பா வாங்க வந்திருக்கிறார், ஒரு தடவைகூடத் தப்பாமல். நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்த மனுஷன் அல்லவா, அங்கே எந்த வண்டியும் வாரத்தில் ஒரு நாள் ரோட்டில் ஏறாது, ஷெட்டில் நிறுத்தி ஆறப்போட்டு, எண்ணெய் பார்த்துத்தான் மறுநாள் வெளியே விடுவார்கள். அந்தச் சட்டத்தை என் உடம்புக்கும் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு ஷெட். மதியச் சாப்பாடு ஆனதும் அவர்தான் மாத்திரையையும் பெரிய டம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டுவார், நான் அந்தச் சனியனைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே பழுப்பு நிறத்தில் ஒரு சத்து மாத்திரை. திங்கட்கிழமை காலையில் நான் இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் போதும், தன் வைத்தியம் பலித்துவிட்டது என்று அடுத்த வாரமும் தொடர்ந்திருக்கிறார். மிச்சமான மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தேதி தவறாமல் போய் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரி மருந்தை வீணாக்க மனசு வராமல், தீர்ந்த பிறகுதான் போயிருக்கிறார். தப்பைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாத மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என் எலும்புக்குள்ளே ஒரு ஸ்விட்ச் போட்டபடியே மாட்டிக்கொண்டதாம், அதனால் கெட்ட அணுக்கள் நிற்காமல் பெருகுகின்றனவாம், இந்த மாத்திரைதான் அந்த ஸ்விட்சை அமுக்கிப் பிடித்திருக்கிற கை, கை விலகினால் அது மறுபடி வேலையைத் தொடங்கிவிடும் என்று அவருக்குப் பொறுமையாகச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு, யார் சொல்லியும் பண்ணலைங்க டாக்டர், என் யோசனைதான் என்றார்.

பதிமூன்று நாள் அவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டேன். காபி ஆறியிருந்தால் இதுவும் ஷெட்டில் நின்றதா என்றேன், படியில் தடுக்கினால் உங்கள் யோசனைதானா என்றேன். என்னையும் நான் விடவில்லை. எத்தனை பெண்கள் தைத்த சட்டையை மூஞ்சியில் அடித்த மாதிரித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், என் கைக்கு வந்த ஒரு மாத்திரையை எட்டு மாதம் கண் திறந்து பார்க்கத் துப்பில்லை. அவர் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சொந்தமாக ஒரு யோசனை வந்தால் அதை ஊரெல்லாம் சொல்லி அலுக்கிற மனுஷன், இதை மட்டும் எப்படி எட்டு மாதம் வயிற்றுக்குள் வைத்திருந்தார். நேற்று அவர் குளிக்கப் போனபோது ஆஸ்பத்திரி நம்பரைத் தேடி அவருடைய போனை எடுத்தேன். விரல் எதிலோ பட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் நீ அவருக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவு ஓடியது. அம்மா குரலே சரியில்லப்பா, வாரத்துல ஒரு நாளாவது அந்த மாத்திரைய நிறுத்திப் பாருங்களேன், பாவம், ஒரு வேளையாவது நல்லா சாப்பிடட்டும், அம்மாகிட்ட சொல்லாதீங்க, கத்துவாங்க.

நீ வேதியியல் படித்தவள். பெயின்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் ஒரு பீப்பாயே வீண் என்று போன வருஷம் எனக்கே பாடம் எடுத்தாய். பெயின்ட்டுக்கு இருக்கிற மரியாதை பெற்றவள் ரத்தத்துக்கு இல்லை. அத்தையாவது தன் மாத்திரையைத்தான் தள்ளி வைத்தாள், அவளுக்குப் படிப்பில்லை, தையல்காரியிடம் கேட்டாள். நீ யாரிடம் கேட்டாய்? ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, என் டாக்டருக்குத் தெரியாத கரிசனம் உனக்கு எங்கிருந்து பொத்துக்கொண்டு வந்தது? என்மேல் இரக்கப்படு என்று நான் கேட்டேனா? உன் வைத்தியத்தால் எனக்கு ஏறியது எண், அவருக்குக் கிடைத்தது பதிமூன்று நாள் வசவு. இத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு அந்த மனுஷன் உன்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். அவர் காப்பாற்றி வைத்ததை நான் பிடுங்கமாட்டேன்.

இப்போது நாள் தவறாமல் சாப்பிடுகிறேன், கண்ணைத் திறந்து பார்த்துத்தான் விழுங்குகிறேன். மூன்று மாதம் இப்படியே போக வேண்டும், அப்புறம் மறுபடி பரிசோதனை. எண் இறங்கினால் நடுவில் விட்டதுதான் கோளாறு, பழைய மாத்திரையே போதும். இறங்காவிட்டால் நோய் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக எதையோ கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். எது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவு கெட்டதாக வந்துவிட்டால் அப்புறம் உன்னைத் திட்ட என்னால் முடியாது, ஒரு வார்த்தை எழுத வராது, நீயும் என் முகத்தைப் பார்க்கமாட்டாய். அதற்கு முன்னால் என் கையால் வாங்க வேண்டிய வசவை எல்லாம் முழுசாக வாங்கிக்கொள், மிச்சம் வைக்காதே.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அழுது தொலைக்காதே, நன்றாக இருக்கிறீர்களா அப்பா என்று மட்டும் கேள், அவரை இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
உன் அம்மா