சரஸ்வதி பூசைக்கு நான் அணைத்து வைத்த பெட்டி

என் தங்கத் தம்பி சேகருக்கு,

நீ இப்போது எதிரில் இருந்தால் உன் காதைத் திருகியிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

நீ எங்களை விட்டுப் போன வருடம் துக்க வீடு என்று நவராத்திரிக்கு ஒன்றும் செய்யவில்லை. இந்த வருடம்தான் வத்தேகம வீட்டில் மறுபடியும் பூசை வைத்தோம். அத்தானின் ஸ்பேனர், என் தையல் கத்தரிக்கோல், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் வைத்தபிறகு உன் நினைவு வந்தது. உன் மேசைக்குக் கீழே இரைந்துகொண்டிருக்கும் அந்தக் கறுப்புக் கணினிப் பெட்டியை நான் இதுவரை அணைக்கவே இல்லை. அது ஓடினால் அறையில் ஆள் இருப்பதுபோல ஒரு ஆறுதல், அவ்வளவுதான். எட்டாம் நாள் பின்னேரம் அதை அணைத்து, வயர்களைக் கழற்றி, துடைத்து, சந்தனம் பூசி, செவ்வரத்தம்பூ வைத்து அம்மன் முன்னால் வைத்தேன். தம்பிக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன்.

நீ இருந்தபோது வருடா வருடம் மவுஸை மட்டும்தான் கொண்டுவந்து வைப்பாய். “பிள்ளையாருக்கு வைக்க வேண்டியத சரஸ்வதிக்கு வைக்கிறியேடா சோம்பேறி” என்று நானும் திட்டுவேன். ஒரு தடவையாவது காரணம் சொன்னாயா?

மறுநாள் பின்னேரம் கடலை அவித்துக்கொண்டிருக்கும்போது உன் போன் அடித்தது. அதை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். “ஹலோ, யாரு?” என்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண்பிள்ளை, “அக்கா... அது நீங்கள்தானோ?” என்றாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெயர் மதுரா. பேராதனைக் கம்பஸில் படிக்கிறாள். பிறவியிலேயே கண் தெரியாது. அவளுடைய போனில் தமிழை வாசித்துச் சொல்கிற செயலி ஒன்று இருக்கிறதாம். போன் எழுத்தை இந்தப் பெட்டிக்கு அனுப்ப, பெட்டி அதைக் குரலாக்கித் திருப்பி அனுப்புமாம். “நேற்றுப் பின்னேரத்தில இருந்து வாசிக்குதில்லை அக்கா. மட்டக்களப்பு, தெல்தெனிய, வெளிநாடு எண்டு எங்கட ஆக்கள் எல்லாரும் கேட்கினம். சேகர் அண்ணாட்டச் சொல்லுங்கோ.”

“அவன் தவறி ஒன்றரை வருசமாச்சும்மா.”

“ஐயோ!” என்றாள். பிறகு கேட்டாள்: “அப்ப இவ்வளவு நாளும் ஆர் எங்களுக்கு வாசிச்சது?”

அடுப்பை அணைத்துவிட்டுக் குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் ஒரு இடியும் இருந்தது. “அது உங்கட குரல்தான் அக்கா. நீங்கள் ஹலோ எண்ட உடனயே எனக்குத் தெரிஞ்சிட்டுது.”

அடப் பாவி! பஸ் சத்தம் கேட்கக்கூடாது என்று ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, வாரக்கணக்கில் என்னை வாசிக்க வைத்தாயே, அது இதற்குத்தானா? ‘வெங்காயம் வங்கிக்குப் போனது’, ‘ஆமை ஆகாயத்தில் ஆடியது’ என்று அர்த்தமில்லாத வசனங்கள். எதற்கென்று கேட்டதற்கு, “சும்மாக்கா, மெசினுக்குப் பேசப் பழக்குறேன்” என்றாய். கிறுக்கு முற்றிவிட்டது என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தேன்.

கண்டி டவுனில் நீ நடத்திய வகுப்பில் கணினி முன்னோடிகளின் படம் ஒட்டியிருந்தாய். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் நடுவில் கொசுவம் வைத்த சட்டையோடு ஒரு பெண். “மெசின் வாறதுக்கு முன்னாடியே அதுக்குப் புரோகிராம் எழுதினவங்கக்கா இவங்க” என்றாய். “அவளுக்குச் சமைக்க ஆள் இருந்திருக்கும்” என்றேன் நான். நீயும் சேர்ந்து சிரித்தாய். உன்னை ஒருவரும் முன்னோடி என்று சொன்னதில்லை. மரண அறிவித்தலில் ‘கணினி ஆசிரியர்’ என்று போட்டதும் நான்தான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே?

மதுரா அழத் தொடங்கினாள். “வேற செயலியள் இருக்கு அக்கா, ஆனா என்ர பாடமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. நாளைக்குக் காலமை சோதினை. இன்னும் பாதி கேட்கேல்ல. இதில விட்டா ஒரு வருசம் போயிடும்.”

நான் போனும் கையுமாக அம்மன் முன்னால் போய் நின்றேன். விஜயதசமி விடிய இன்னும் ஒரு இரவு இருந்தது. பூசையில் வைத்ததை இடையில் தொட்டது நம் வீட்டில் ஒருநாளும் நடந்ததில்லை. விசயத்தைச் சொன்னதும் அத்தானுக்கு முகம் மாறிவிட்டது.

“வச்சத எடுக்கலாமா? வீட்டுக்கு ஆகுமா?”

“அம்மன் கையிலயும் ஏடு இருக்குங்க. படிக்கிற பிள்ளையத் தவிக்க விட்டுட்டு என்ன பூசை?”

அத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அறைக்குப் போனார்.

எந்த வயர் எந்த ஓட்டையில் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மதுராதான் போனில் சொன்னாள். “பாக்காதேங்கோ, தடவுங்கோ. அகலமான வாய் கரண்டுக்கு. கிளிக் எண்டு பூட்டுற சின்னச் சதுரம் இணையத்துக்கு.” கண்ணை மூடிக்கொண்டு தடவித்தான் செருகினேன். பட்டனை அழுத்தினால் உள்ளே போகவில்லை. நான் பூசிய சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. கொண்டை ஊசியால் சுரண்டச் சுரண்ட எனக்கு அழுகை வந்தது. கடைசியில் லைட் எரிந்தது, பெட்டியும் இரையத் தொடங்கியது. ஆனால் மதுராவிடமிருந்து சத்தமே இல்லை. கெடுத்துவிட்டேனோ என்று வயர்களை மறுபடி தடவிப் பார்த்தேன்.

“வாசிக்குது! அக்கா, வாசிக்குது!”

அந்தப் போன் வழியாக நானும் கேட்டேன், சேகர். என் குரல்தான். இளவயதுக் குரல். எனக்கு ஒரு வரிகூட விளங்காத அரசியல் பாடத்தை அது தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டு போனது. ஒரு சொல்லில் சிக்கி நின்றது. அடுத்த நொடி கத்தியது: “அடேய் தம்பி, என்னடா எழவு இது? எனக்கு வெளங்கல!”

மதுரா அழுகையோடு சிரித்தாள். “தெரியாத சொல் வந்தா அது அப்பிடித்தான் அக்கா கத்தும். எங்கள் எல்லாருக்கும் அதுதான் நல்ல விருப்பம்.”

வாசித்துக் களைத்து உன்னைத் திட்டியதைக்கூட நீ அழிக்கவில்லையாடா? உன்னை வழியனுப்பிய நாளிலிருந்து இந்த வீட்டில் ‘தம்பி’ என்று நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் தாங்கமாட்டேன் என்று பயம். ஆனால் நான் பார்த்திராத ஊர்களிலெல்லாம், பார்த்திராத பிள்ளைகளின் கையில் இருந்துகொண்டு, ஒருநாள் விடாமல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

மதுரா சோதினை எழுதிவிட்டாள். அவளுடைய கம்பஸ் நண்பர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். இது நின்றாலும் வாசிப்பு நிற்காதபடி, பெட்டியில் இருப்பதைப் புது இடத்திலும் பதியப்போகிறார்களாம். புதுச் சொற்களுக்கு நான் மறுபடி வாசிக்க வேண்டுமாம். சத்தியமாக வாசிக்கிறேன் தம்பி. வெங்காயத்தை எந்த வங்கிக்கு அனுப்பச் சொன்னாலும் அனுப்புகிறேன். ‘அடேய் தம்பி’ என்ற அந்த ஒரு திட்டில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டேன்.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்,
உன் அக்கா