எரு போட்ட இடத்தில் வானம்பாடி

மச்சான்,

இன்று காலை பூங்கா வாசலில் கால் வைத்ததுமே செம்மறி மணம் அடித்தது. புல்வெளியை மேய்க்க லொறியிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேர்லினுக்கு நடுவே ஆட்டு மணம்! உன் நினைவு வந்துவிட்டது.

நீதான் என்னை இங்கே இழுத்து வந்தவன். நகரம் இரண்டாய்ப் பிரிந்த காலத்தில் கைவிட்ட ரயில் முற்றம். ஆள் போகாமல் தானாகவே காடாகி, பிறகு அக்கம்பக்கத்துச் சனம் சண்டை பிடித்துக் காப்பாற்றிய இடம். தண்டவாளத்துக்கு நடுவே நின்ற மரத்தை நீ தட்டிப் பார்த்தாய். "எங்கட ஊர்த் தண்டவாளம் சண்டைக்காலத்தில பங்கர் கட்டப் போச்சு. இவங்கட தண்டவாளத்தில மரம் முளைச்சிருக்கு, பாரடா!"

சனிக்கிழமைகளில் நமக்கு அங்கே தொண்டு வேலை, புல்வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளைப் பிடுங்குவது. விட்டால் எல்லாம் காடாகிவிடும், தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கு இடமிராது. நமக்குப் பார்த்துக்கொள்ளத் தந்த நிலத்துண்டிலும் ஒரு சோடி இருந்தது. ஆனால் மண் காய்ந்து கிடந்தால் உனக்குப் பொறுக்குமா? தோட்டக்காரப் பரம்பரையாச்சே! குஞ்சுகள் பறந்து போனதும் மாட்டெரு மூட்டையைக் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றினோம். பூங்காப் பொறுப்பாளர் அம்மா தலையில் கைவைத்தபடி ஓடிவந்தார். மண் மெலிந்திருந்தால்தானாம் குருவிக்கு வேண்டிய அந்தக் குட்டைப் புல் நிற்கும். "எரு போட்டு ஏச்சு வாங்கின முதல் யாழ்ப்பாணத்தார் நாங்கள்தானடா" என்று சிரித்தாய்.

அடுத்த வசந்தத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. தொட்டால் சுணைக்கும் செடிகள் இடுப்பளவுக்கு எழும்பிவிட்டன. வானம்பாடி வரவில்லை. "குருவியைக் கலைச்சுப்போட்டன் மச்சான்" என்றாய். பிறகு ஒரு சனிக்கிழமை தவறினாயா? புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய மாதங்களிலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, குந்தியிருந்து வேரோடு பிடுங்கினாய். "அது திரும்பி வாறதைப் பாத்திட்டுத்தான் போவன்" என்பாய். பார்க்காமலே போய்விட்டாய், பாவி.

இன்று ஆடுகளை நம் துண்டுக்குள் விடவில்லை. பொறுப்பாளர் கயிறு கட்டி மறித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். வாயில் விரலை வைத்து, மறுகையால் காட்டினார். புல்லுக்குள்ளிருந்து விருட்டென்று எழும்பியது மச்சான்! மேலே மேலே போய், பாட்டென்றால் அப்படியொரு பாட்டு! "வந்திட்டுதடா!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. யாரைக் கட்டிப்பிடிப்பதென்று தெரியாமல் அந்த அம்மாவையே கட்டிப்பிடித்தேன்.

நீ ஆசைப்பட்டதை உனக்காகப் பார்ப்பது இனி என் பொறுப்பு. அதை யாரிடமும் இறக்கிவைக்க ஏலாது.

குஞ்சுகள் பறக்கும்வரை நாய்க்காரர்களை மறிக்க ஆள் வேண்டுமாம். அவர் கேட்டு முடிக்க முன்னமே தலையாட்டினேன். பெயர் கேட்டார். நம் இரண்டு பேரின் பெயரையும் சொன்னேன். உன் செத்தவீட்டுக்கு வந்து பூ வைத்துவிட்டுப் போன மனுஷி அவர். இரண்டையும் எழுதிக்கொண்டார்.