வைக்கோல் போர்வையைக் கலைத்த தம்பிக்கு

வெயிலும் மழையும் தம் முறை தவறாதிருக்க. வெண்குன்ற நாட்டின் அரியணையில் அமர்ந்து நெறி காக்கும் பெருந்தேவி இளநாச்சியார், தென்வாயிற் படைக்குத் தலைவனும் தம் உடன்பிறந்த இளவலுமாகிய அதியரையனுக்கு விடுக்கும் திருமுகம். நின் பாசறைக்கு நலம் விளைக. நின் குதிரைகள் கொழுத்திருக்கும் என்பதை யாம் அறிவோம்.

பாழியாற்றுப் போரில் நின் கொடியின்கீழ் நின்று கையும் காலும் இழந்தோர் மலைமேற் கோட்டையில் எம் பாதுகாப்பில் வாழ்கின்றனர் என்பதை நீ மறந்திருக்கலாம். பனிக்காலத்தில் கணவாய் அடைபடும், வண்டி ஏறாது. ஆதலால் அவர்களே கோட்டைக்குள் மண் கொத்தி, எருவிட்டு, அவரையும் முள்ளங்கியும் கீரையும் வளர்த்தனர். ஒற்றைக் காலனாகிய செங்கோடன் தரையில் அமர்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, உறைபனி தாக்காதவாறு பாத்திதோறும் வைக்கோல் பரப்பி முடித்தான்.

அன்று மாலை வேட்டை முடிந்து நீ அங்கே தங்கினாய். நின்னைக் கண்டு, எழ இயலாதவரும் சுவரைப் பற்றி எழுந்து வாழ்த்தினராம். நீயோ அவ்வைக்கோலை வாரி நின் குதிரைகளுக்கு இடப் பணித்தாய். இன்றிரவு பனி விழும், இதை எடுத்தால் பனிக்காலம் முழுதும் எங்களுக்குப் பட்டினியே என்று செங்கோடன் நின் காலைப் பற்றி மன்றாடினான். வென்ற குதிரை பசித்து நிற்கக் கீரைக்குப் போர்வையோ என்று நீ நகைத்தாய், உடனிருந்தோரும் நகைத்தனர். விடியலில் தோட்டம் தீயில் வெந்ததுபோல் கருகிக் கிடந்தது. நீ புறப்பட்டுப் போயிருந்தாய்.

யாம் நேரில் சென்றோம். அவரைக் கொடியைத் தொட்டோம். வேரோடு கையில் வந்தது. எவ்வாறு நேர்ந்தது என வினவியபோது, வைக்கோல் இட நாங்களே மறந்தோம் என்று அனைவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பாத்தியெங்கும் குதிரைச் சாணம் கிடந்தது. நின்னைக் காக்கப் பொய்யுரைக்கும் அம்மக்களை எம்மால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. பின்னர்க் கோட்டை மருத்துவர் மணக்குடியாரே தலைகவிழ்ந்து நடந்ததை உரைத்தார்.

தம்பி, தாயற்ற நின்னை எம் மடியில் இட்டு வளர்த்தோம். அவ்வளர்ப்பை எண்ணி இன்று வெட்குகிறோம்.

ஆதலால் ஆணையிடுகிறோம். படைத்தலைமையை இவ்வோலை கொணரும் வில்லவதரையரிடம் ஒப்புவிக்க. கணவாய் அடைபடுமுன், நின் களஞ்சியத்திலுள்ள கொள்ளு, வரகு முழுவதையும் அக்குதிரைகளின்மேல் ஏற்றி, கடிவாளம் பற்றி நடந்தே மலையேறுக. பனி நீங்குமளவும் அங்கேயே தங்குக. பந்தியில் அனைவரும் உண்டு எழுந்தபின் அமர்க, எஞ்சியிருந்தால் உண்க.

வெண்குன்ற முத்திரை பொறித்து எம் கையொப்பமும் இட்டோம். மறுமொழி ஓலை வேண்டா. மூட்டைகளோடு நீயே வருக.